ஒட்டிய பட்டை ஏன் நகர்கிறது? ஃபிக்ஸ்டு, ஸ்டிக்கி, ஸ்க்ரோல் பற்றி ஓர் எளிய விளக்கம்

தாராவியில் சயான்–பாந்திரா லிங்க் ரோட்டை ஒட்டித் தோல் பைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒரு கடைக்கு நம் பிள்ளைகளில் ஒருவர் வலைப்பக்கம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலே கடைப் பெயரும் மெனுவும் உள்ள ஒரு பட்டை. எவ்வளவு கீழே போனாலும் அது கண்ணில் பட வேண்டும். அடியில் ‘ஆர்டர் செய்ய’ என்று ஒரு பட்டன். அதுவும் அசையக் கூடாது. நடுவில் பைகளின் படங்களும் விலைப் பட்டியலும். லேப்டாப்பில் எல்லாம் சரியாக நிற்கிறது. கடைக்காரர் தன் போனில் திறக்கிறார். பட்டனைக் காணோம், மெனு பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது, முதல் பையின் படம் பட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கிறது.

மும்பையில் வெப் டிசைன் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் வகுப்பில் பாடத்தை இந்தியிலும் ஆங்கிலத்திலும் கேட்கிறார்கள். குழப்பம் வந்தால் தமிழில்தான் கேட்பார்கள். “அண்ணா, ஃபிக்ஸ்டுன்னு கொடுத்துட்டேன், அப்புறமும் நகருது” என்பது அடிக்கடி காதில் விழும் கேள்வி. இதற்கு மனப்பாடமாக ஒரு பதில் கிடையாது. ஆனால் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். பக்கத்தின் ஒவ்வொரு பகுதியும் பிரவுசருக்கு ஒரு பெட்டி. இந்தப் பெட்டி எதன்மேல் ஒட்டியிருக்கிறது? ஸ்க்ரோல் ஆவது எந்தப் பெட்டி? இந்த இரண்டையும் கேட்காமல், எந்தப் பெட்டி மேலே தெரிய வேண்டும் என்று சொல்லும் இசட்-இண்டெக்ஸை 9999 ஆக்குவதும், வெளியே நீட்டுவதை மறைக்கும் ஓவர்ஃப்ளோ: ஹிடனைக் கண்ட இடத்திலெல்லாம் போடுவதும்தான் பக்கத்தை மேலும் சிக்கலாக்குகிறது.

அடிப்படையிலிருந்து வருவோம். சயானில் லோக்கல் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருக்கும். வெளியே குர்லா, வித்யாவிஹார், காட்கோபர் என்று ஸ்டேஷன்கள் ஓடும். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் பொசிஷன்: ஃபிக்ஸ்டு என்று எழுதிய பெட்டி அந்தக் கண்ணாடி ஸ்டிக்கர். மற்ற பெட்டிகள் ஸ்டேஷன் சுவரில் ஒட்டிய போஸ்டர்கள். அவை ஸ்டேஷனோடு போய்விடும். பக்கத்தை நாம் பார்க்கும் அந்த ஜன்னலுக்குத்தான் வியூபோர்ட் என்று பெயர்.

ஃபிக்ஸ்டு என்று எழுதியதும் இன்னொன்றும் நடக்கிறது. அந்தப் பெட்டி பக்கத்தின் வரிசையிலிருந்து விலகிவிடுகிறது. அது இருந்த இடம் காலி என்று நினைத்து அடுத்த பெட்டி மேலேறி வந்துவிடும். முதல் பையின் படம் பட்டைக்கு அடியில் மாட்டியதன் காரணம் இதுதான். வழக்கமான வைத்தியம், பட்டையின் உயரம் 64 பிக்சல் என்றால் பாடிக்கு, அதாவது பக்கம் முழுவதையும் சுற்றிய பெட்டிக்கு, மேலே காலி இடம் விடும் பேடிங்-டாப்: 64 பிக்சல் கொடுப்பது. இது ஆங்கிலப் பக்கத்தில் ஓரளவு ஓடும். தமிழில் நம் சொற்கள் நீளம். 360 பிக்சல் அகலமுள்ள சின்னப் போனில் ‘தொடர்புக்கு’, ‘விலைப்பட்டியல்’ என்று இரண்டு சொல் வைத்தாலே மெனு இரண்டாவது வரிக்கு இறங்கிவிடும். பட்டையின் உயரம் 64லிருந்து 90க்கோ 100க்கோ போகும்; நீங்கள் எழுதிய பேடிங் 64லேயே நிற்கும்.

அதனால் மேல்பட்டைக்கு நான் எப்போதும் சிபாரிசு செய்வது பொசிஷன்: ஸ்டிக்கி, டாப்: 0. ஸ்டிக்கி பெட்டி தன் இடத்தை விட்டுக்கொடுக்காது. அதன் உயரம் எத்தனை ஆனாலும் அடுத்த பெட்டி அதற்குக் கீழேதான் தொடங்கும். மேல் விளிம்பைத் தொட்டதும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பக்கத்தின்மேல் மிதக்க வேண்டிய பொருளுக்கு, அதாவது ஆர்டர் பட்டனுக்கும் பக்கவாட்டிலிருந்து வரும் மெனுவுக்கும், ஃபிக்ஸ்டை வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிக்ஸ்டில் இரண்டு சின்ன விஷயங்களைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். டாப், பாட்டம் எதுவும் எழுதாவிட்டால் பெட்டி இயல்பாக எங்கே இருந்திருக்குமோ அங்கேயே நிற்கும், ஓரத்துக்குப் போகாது. அகலம் எழுதாவிட்டால் உள்ளே இருக்கும் எழுத்தளவுக்குச் சுருங்கிவிடும். லெஃப்ட்: 0, ரைட்: 0 இரண்டையும் எழுதினால் முழு அகலம் வரும். விட்த்: 100% எழுதி, அதன்மேல் பேடிங்கும் கொடுத்தால், அகலக் கணக்கில் பேடிங்கையும் சேர்க்கும் பாக்ஸ்-சைசிங்: பார்டர்-பாக்ஸ் இல்லாத பக்கத்தில் பட்டை வலது பக்கம் வெளியே நீட்டிக்கொள்ளும்.

ஃபிக்ஸ்டு கொடுத்தும் நகர்கிறது என்றால்

இப்போது முதல் கேள்வி. ஃபிக்ஸ்டு பெட்டி ஜன்னல் கண்ணாடியில்தான் ஒட்ட வேண்டும். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் பெட்டிகளில், அதாவது அதன் பெற்றோர்களில், ஏதாவது ஒரு பெட்டிக்கு நகர்த்தவும் சுழற்றவும் எழுதும் டிரான்ஸ்ஃபார்ம் இருந்தால், ஸ்டிக்கர் கண்ணாடியை விட்டு அந்தப் பெட்டியில் போய் ஒட்டிக்கொள்ளும். அதாவது ஸ்டேஷன் சுவருக்குப் போய்விடும். அப்புறம் ஸ்டேஷனோடு சேர்ந்து நகரத்தானே செய்யும்? இது பிரவுசரின் கோளாறு இல்லை. சிஎஸ்எஸ் விதியே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

டிரான்ஸ்ஃபார்ம் மட்டும் இல்லை. பெர்ஸ்பெக்டிவ், ஃபில்டர், பேக்டிராப்-ஃபில்டர், வில்-சேஞ்ச்: டிரான்ஸ்ஃபார்ம், கன்டெய்ன்: பெயின்ட் ஆகியவையும் இதையே செய்யும். தனித்தனியாக எழுதும் டிரான்ஸ்லேட், ரொட்டேட், ஸ்கேல் பண்புகளும் அப்படித்தான். இதில் ஆளை ஏமாற்றும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்ம்: டிரான்ஸ்லேட்ஒய்(0) என்று எழுதினால் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது. எதுவும் நகர்வதில்லை, சுழல்வதில்லை. ஆனால் அதன் மதிப்பு, ‘எதுவும் இல்லை’ என்று பொருள்படும் ‘நன்’ அல்ல, அவ்வளவு போதும். ஸ்டிக்கர் இடம் மாறிவிடும்.

நடைமுறையில் இது எங்கிருந்து வருகிறது? பக்கம் திறக்கும்போது எல்லாம் கீழிருந்து மெதுவாக எழும்பி வர வேண்டும் என்று ஓர் அனிமேஷனைச் சேர்த்திருப்பீர்கள். அது பக்கம் முழுவதையும் சுற்றியுள்ள டிவ் என்ற பெட்டியில் இருக்கும். அனிமேஷன் முடிந்தாலும் கடைசி நிலையைப் பிடித்துவைக்கும் ஃபார்வர்ட்ஸ் என்ற சொல் இருந்தால் டிரான்ஸ்ஃபார்ம் அங்கேயே தங்கிவிடும். உள்ளே இருக்கும் ஆர்டர் பட்டன், திரையின் அடியில் நிற்பதற்குப் பதிலாகப் பக்கத்தின் கடைசியில் போய் நிற்கும். போனில் பட்டனைக் காணோம் என்று கடைக்காரர் சொன்னால், விலைப் பட்டியலின் அடிவரை ஸ்க்ரோல் செய்து பாருங்கள். அங்கே இருந்தால் காரணம் இதுவேதான்.

இன்னொரு வகை இந்த சில வருடங்களில் நிறைய வருகிறது. மேல்பட்டைக்குக் கண்ணாடி போன்ற மங்கல் வேண்டும் என்று பேக்டிராப்-ஃபில்டர்: ப்ளர் கொடுப்பார்கள். அதே பட்டைக்குள்ளேயே போனுக்கான முழுத்திரை மெனுவும் ஃபிக்ஸ்டாக இருக்கும். மூன்று கோடு ஐகானைத் தொட்டதும் மெனு திரை முழுவதும் விரிய வேண்டும். ஆனால் 64 பிக்சல் பட்டைக்குள்ளேயே நசுங்கித் திறக்கும். அதற்குத் திரை என்றால் இப்போது அந்தப் பட்டைதான். பாடிக்கு ஃபில்டர்: கிரேஸ்கேல் கொடுத்தாலும் இதே கதைதான் நடக்கும்.

கண்டுபிடிக்கும் முறை எளிது. லேப்டாப்பில் எஃப்12 அழுத்தி, பக்கத்தின் கோடைக் காட்டும் டெவ்டூல்ஸைத் திறங்கள். நகரும் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு பெற்றோராக மேலே ஏறுங்கள். ஒவ்வொன்றிலும் கம்ப்யூட்டட் பகுதியில் டிரான்ஸ்ஃபார்ம், ஃபில்டர் என்று தேடுங்கள். ‘நன்’ தவிர வேறு எது இருந்தாலும், ஸ்டைல்ஸ் பகுதியில் அந்த வரியின் டிக்கை எடுத்துப் பாருங்கள். எந்த டிக்கை எடுத்ததும் பட்டன் துள்ளிக்கொண்டு தன் இடத்துக்கு வருகிறதோ, அதுதான் காரணம். நூறு வரி கோடைக் கண்ணால் படித்துத் தேடுவதைவிட இது வேகமானது.

தீர்வு என்றால், பட்டனையும் மெனுவையும் அந்த டிவ்வுக்கு வெளியே எடுத்து, பாடியின் நேர் பிள்ளையாக வைப்பதே என் முதல் தேர்வு. பட்டையின் மங்கலுக்கு இன்னொரு வழியும் உண்டு: பேக்டிராப்-ஃபில்டரைப் பட்டையின்மேல் நேரடியாக எழுதாமல், அதன் பிஃபோர் என்ற போலிப் பெட்டிக்கு எழுதிவிடலாம். மெனு அந்தப் போலிப் பெட்டியின் பிள்ளை இல்லையே, அதனால் மாட்டாது. முழுத்திரையை மறைத்து வரும் பெட்டி என்றால் டயலாக் என்ற எச்டிஎம்எல் டேகைப் பயன்படுத்தி, ஷோமோடல் மூலம் திறங்கள். பிரவுசர் அதை எல்லாவற்றுக்கும் மேலான தனி அடுக்கில் வைக்கும். இசட்-இண்டெக்ஸ் சண்டையும் அங்கே கிடையாது.

இசட்-இண்டெக்ஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பெட்டிகள் அடுக்கு அடுக்காக இருக்கும். ஓர் அடுக்குக்குள் இருக்கும் பிள்ளைக்கு 9999 கொடுத்தாலும், அதன் பெற்றோருக்கு 1, பக்கத்துப் பெட்டிக்கு 2 என்று இருந்தால் பக்கத்துப் பெட்டிதான் மேலே வரும். பிள்ளையின் எண் அந்த வீட்டுக்குள் மட்டும்தான் செல்லும். பெட்டியை மங்கலாக்கும் ஒப்பாசிட்டி ஒன்றுக்குக் குறைவாக இருந்தாலே புது அடுக்கு உருவாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஸ்டிக்கி ஒட்டவே இல்லை என்றால்

ஸ்டிக்கிக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம்: ஸ்க்ரோல் ஆவது எது? ஸ்டிக்கி எப்போதும் தனக்கு மேலே இருக்கும் மிக நெருங்கிய ஸ்க்ரோல் பெட்டியைப் பார்த்துத்தான் ஒட்டும். ஓவர்ஃப்ளோ: ஹிடன், ஆட்டோ, ஸ்க்ரோல் ஆகிய எதை எழுதினாலும் அந்தப் பெட்டி ஸ்க்ரோல் பெட்டியாகிவிடுகிறது. ஹிடனும் இந்தக் கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

போனில் பக்கம் இடது வலதாக ஆடுகிறது என்று, எல்லாவற்றையும் சுற்றியுள்ள டிவ்வுக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஹிடன் போட்டிருப்பீர்கள். ஒரு திசையில் ஹிடன் என்றால் மறு திசை தானாக ஆட்டோ ஆகிவிடும். அந்த டிவ் ஸ்க்ரோல் பெட்டி ஆகிவிட்டது. ஆனால் அதற்கு உயர வரம்பு இல்லாததால் அது ஸ்க்ரோல் ஆவதே இல்லை. ஸ்க்ரோல் ஆவது முழுப் பக்கம். ஸ்டிக்கி பட்டை நகராத அந்த டிவ்வைப் பார்த்துக்கொண்டே பக்கத்தோடு மேலே போய்விடுகிறது. ஹிடன் என்ற இடத்தில் கிளிப் என்று மாற்றுங்கள். கிளிப் வெட்டும், ஆனால் ஸ்க்ரோல் பெட்டியை உண்டாக்காது. சஃபாரியில் 16ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2022 முதல், இது வேலை செய்கிறது. அதோடு, பக்கம் ஏன் ஆடுகிறது என்ற மூல காரணத்தையும் பாருங்கள். பெரும்பாலும் ஓர் அகலமான அட்டவணையோ ஒரு படமோ வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

எச்டிஎம்எல், பாடி இரண்டுக்கும் சேர்த்து ஓவர்ஃப்ளோ எழுதினாலும் இதே சிக்கல்தான். பாடிக்கு மட்டும் எழுதினால் பிரவுசர் அதை வியூபோர்ட்டுக்கே ஏற்றிவிடும், தொல்லை இல்லை. இரண்டுக்கும் எழுதினால் பாடி தனி ஸ்க்ரோல் பெட்டியாகிவிடும்.

ஓவர்ஃப்ளோ எதுவும் இல்லை, டாப்: 0வும் எழுதியிருக்கிறது, அப்போதும் ஒட்டவில்லையா? அதன் நேர் பெற்றோரின் உயரத்தைப் பாருங்கள். ஸ்டிக்கி தன் பெற்றோரின் எல்லையைத் தாண்டாது. பட்டையை மட்டும் ஒரு தனி டிவ்வில் சுற்றிவைத்தால், டிவ்வும் 64 பிக்சல், பட்டையும் 64 பிக்சல். ஒட்டிக்கொண்டு நகர இடமே இல்லை. ஸ்டிக்கியை அந்த வெளி டிவ்வுக்குக் கொடுங்கள். பக்கவாட்டுப் பட்டியல், பெட்டிகளை அடுக்கும் ஃப்ளெக்ஸ் அல்லது கிரிட்டுக்குள் இருந்தால் பிரவுசர் அதைப் பக்கத்துப் பெட்டியின் முழு உயரத்துக்கு இழுத்துவிடும். அங்கேயும் நகர இடம் இருக்காது. அலைன்-செல்ஃப்: ஸ்டார்ட் என்று ஒரு வரி போதும்.

விலைப் பட்டியலில் ஸ்டிக்கியும் ஸ்க்ரோல் பெட்டியும் மோதிக்கொள்வதைப் பார்க்கலாம். அட்டவணை போனில் அகலமாக இருக்கிறது என்று அதைச் சுற்றி ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ உள்ள டிவ் வைக்கிறோம்; நல்ல வழக்கம்தான். உடனே ‘மாடல், நிறம், விலை’ என்ற ஸ்டிக்கி தலைவரிசை ஒட்டுவதை நிறுத்திவிடும். அது இப்போது அந்த டிவ்வைத்தான் பார்க்கிறது. டிவ்வுக்கு ஓர் உயர வரம்பு, உதாரணமாகத் திரையில் 70 சதவீதம் என்று மேக்ஸ்-ஹைட் கொடுத்தால், அட்டவணை அதற்குள்ளேயே மேலும் கீழும் ஸ்க்ரோல் ஆகும், தலைவரிசையும் ஒட்டும். சின்னப் பட்டியலுக்கு இதெல்லாம் தேவையில்லை. தலைவரிசையை அப்படியே போகவிடுங்கள்.

எது ஸ்க்ரோல் பெட்டி என்று கண்டுபிடிக்க ஃபயர்ஃபாக்ஸின் டெவ்டூல்ஸ் நல்ல துணை. ஸ்க்ரோல் ஆகும் பெட்டியின் பக்கத்தில் ‘ஸ்க்ரோல்’ என்ற சின்ன அடையாளத்தைக் காட்டும். 

போன் என்னும் தனி உலகம்

உங்கள் பக்கத்தைப் பார்ப்பவர் பெரும்பாலும் லோக்கலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கைக் கட்டைவிரலால் போனைத் தள்ளுகிறவர். அங்கே அட்ரஸ் பட்டை ஒரு நேரம் தெரியும், ஒரு நேரம் மறையும். திரையின் முழு உயரம் வேண்டும் என்று 100விஎச் என நாம் எழுதுவது, அட்ரஸ் பட்டை மறைந்திருக்கும்போது உள்ள பெரிய உயரம். பட்டை தெரியும்போது பக்க மெனுவின் கடைசிச் சில வரிகள் திரைக்குக் கீழே போய்விடும். மெனு ஃபிக்ஸ்டு என்பதால், அட்ரஸ் பட்டை மறையும்வரை அந்த வரிகள் மேலே வராது.

இதற்கு விஎச்சை விட்டுவிட்டு டாப்: 0, பாட்டம்: 0 இரண்டையும் எழுதலாம். அல்லது 100டிவிஎச் என்ற புதிய அளவை எடுத்துக்கொள்ளலாம்; அது அட்ரஸ் பட்டையோடு சேர்ந்து மாறும். சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், குரோம் மூன்றிலும் 2022இல் இது வந்துவிட்டது. எதைச் செய்தாலும் மெனுவுக்கு ஓவர்ஃப்ளோ-ஒய்: ஆட்டோ மறக்காதீர்கள். ஃபிக்ஸ்டு பெட்டி திரையைவிட உயரமானால் அதற்குள்ளேயே ஸ்க்ரோல் வைத்தால்தான் மிச்சத்தைப் பார்க்க முடியும். அதோடு ஓவர்ஸ்க்ரோல்-பிஹேவியர்: கன்டெய்ன் சேர்த்தால், மெனு கடைசி வரியைத் தொட்டபிறகு பின்னால் இருக்கும் பக்கம் ஓடாது.

கீபோர்டு இன்னொரு தலைவலி. ஐபோனில் கீபோர்டு எழும்பினால் பக்கத்தின் அளவு மாறாது; அடியில் ஒட்டிய பட்டன் கீபோர்டுக்குப் பின்னால் போய்விடும். ஆண்ட்ராய்டு குரோமும் 108ஆம் பதிப்பிலிருந்து அப்படியேதான் நடக்கிறது. குரோமில் வியூபோர்ட் மெட்டா டேகில் இன்டராக்டிவ்-விட்ஜெட்=ரிசைசஸ்-கன்டென்ட் என்று எழுதிச் சமாளிக்கலாம். ஆனால் பெயரும் முகவரியும் கேட்கும் பக்கத்தில் பட்டனை ஒட்டவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கடைசிக் கட்டத்துக்குக் கீழே சாதாரணமாக வையுங்கள். எழுதி முடித்தவர் அங்கேதான் வந்து நிற்பார்.

பழைய குறிப்புகளை நம்பும்போது கவனம் தேவை. ஃபிக்ஸ்டு 1998இல் சிஎஸ்எஸ் இரண்டாம் பதிப்பிலேயே வந்துவிட்டது. ஆனால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6க்கு அது புரியவில்லை. ஐபோனில் 2011இல் ஐஓஎஸ் 5 வந்தபோதுதான் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கியது. அந்த இடைக்காலத்தில் ஜாவாஸ்கிரிப்டால் ஒட்டவைக்கும் வித்தைகள் ஏராளமாக எழுதப்பட்டன. அவற்றை இன்று நகலெடுத்துப் போட்டால் பக்கம் நடுங்கும்.

‘விலைப்பட்டியல்’ என்ற லிங்க்கைத் தொட்டால் அந்தத் தலைப்பு பட்டைக்கு அடியில் போய் நிற்கிறதா? எச்டிஎம்எல்லுக்கு ஸ்க்ரோல்-பேடிங்-டாப் என்று பட்டையின் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கொடுங்கள். அதைச் செய்ததும் டேப் விசையை அழுத்தி ஒவ்வொரு லிங்க்காகப் போய்ப் பாருங்கள். மவுஸ் பிடிக்க முடியாதவர்கள் அப்படித்தான் பக்கத்தில் நடக்கிறார்கள். அவர்கள் நிற்கும் இடத்தை ஒட்டிய பட்டை முழுதாக மறைக்கக் கூடாது என்பது 2023 அக்டோபரில் வந்த அணுகல்தன்மை நெறிகளான டபிள்யூசிஏஜி 2.2இல் ஒரு விதியாகவே இருக்கிறது.

பக்கத்தைக் கடைக்காரர் தாளில் அச்செடுப்பார் என்றால் இன்னும் ஒரு வேலை பாக்கி. அச்சில் ஃபிக்ஸ்டு பெட்டி ஒவ்வொரு தாளிலும் திரும்பத் திரும்ப வரும். விலை வரிசைகள்மேல் ஆர்டர் பட்டன் உட்கார்ந்திருக்கும். மீடியா பிரிண்ட் விதிக்குள் மேல்பட்டைக்கு பொசிஷன்: ஸ்டாட்டிக், பட்டனுக்கு டிஸ்ப்ளே: நன் என்று எழுதிவிட்டு, பிரிண்ட் பிரிவ்யூவில் எல்லாத் தாளையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.